தறி ஓட்டுகிறாரா, ஓட்டிக்கொண்டிருக்கிறாரா?

ஆறாம் வகுப்பில் ‘வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?’ என்று கேட்டால் ‘மை ஃபாதர் இஸ் வீவிங்’ என்று பதில் வரும். ‘வாட் இஸ் யுவர் ஃபாதர் டூயிங் நவ்?’ என்று கேட்டாலும் அதே பதில்தான். முதல் கேள்வி தொழிலைக் கேட்கிறது. இரண்டாவது, இந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று கேட்கிறது. எங்கள் ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ‘அப்பா தறி ஓட்டுகிறார்’ என்ற ஒரே தொடர் தமிழில் இரண்டு பொருளுக்கும் போதும். நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு ஆகிய மூன்றைச் சொல்கிறது. ஆனால் வழக்கமாகச் செய்வதற்கு ஒன்று, இப்போது செய்வதற்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. தேவைப்பட்டால் ‘கொண்டிரு’ என்ற துணைவினையைச் சேர்த்துக்கொள்கிறோம். பேச்சில் அது ‘ஓட்டிக்கிட்டு இருக்காரு’ ஆகிறது.

அதனால் ‘ஆம், இஸ், ஆர்’ வாய்பாட்டை நான் முதலில் கரும்பலகையில் எழுதுவதில்லை. ‘ஓட்டுறாரா, ஓட்டிக்கிட்டு இருக்காரா?’ என்று கேட்கிறேன். ‘கிட்டு இருக்கு’ பொருந்தினால் ‘ஐஎன்ஜி’ போடலாம். ‘ஷி இஸ் ரீடிங்’, ‘தே ஆர் பிளேயிங்’ எல்லாம் இப்படியே எளிதாக வந்துவிடும்.

‘நோ, லைக், வான்ட்’ போன்ற வினைகளிலும் தமிழே கைகொடுக்கிறது. தெரியும், பிடிக்கும், வேண்டும் என்கிறோம். ‘பிடித்துக்கொண்டிருக்கிறது’ என்று யாரும் தோசையைப் பற்றிச் சொல்வதில்லை. (‘வேண்டிக்கொண்டிருக்கிறேன்’ என்றால் கோயிலில் நிற்கிறோம் என்று பொருள்!) எனவே ‘ஐ ஆம் லைக்கிங் தோசை’ ஏன் தவறு என்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிடுகிறது. மெக்டொனால்ட்ஸ் 2003 முதல் பயன்படுத்தும் ‘ஐம் லவிங் இட்’ சரியா என்று ஒரு மாணவன் கேட்டான். அந்த நேரத்து ரசனையை அழுத்திச் சொல்லப் பேச்சில் அப்படி வருவதுண்டு என்றேன். தேர்வில் மட்டும் ‘ஐ லவ் இட்’ என்றே எழுதச் சொன்னேன்.

சறுக்கும் இடம் ‘ஹேவ்’. ‘சைக்கிள் வச்சிக்கிட்டு இருக்கேன்’ என்று நாம் சொல்வதால் ‘ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்’ பிறக்கிறது. உடைமையைச் சொல்ல ‘ஐ ஹேவ்’ மட்டுமே. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அங்கே ‘ஹேவ்’ என்பது சாப்பிடுவது. இந்த ஒன்றுக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

‘நாளைக்கு மேட்டூர் போறேன்’ என்பதில் சிக்கலே இல்லை. ‘ஐ ஆம் கோயிங் டு மேட்டூர் டுமாரோ’ என்று ஆங்கிலமும் நம் வழியிலேயே வருகிறது.

தறிகள் சில வாரங்கள் நின்றிருந்த சமயம், ஒரு மாணவன் நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: ‘மை ஃபாதர் வீவ்ஸ். ஹி இஸ் நாட் வீவிங் நவ்.’ தொழில் இருக்கிறது, இன்று வேலை இல்லை. இரண்டு காலங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பயிற்சித்தாளிலும் பார்த்ததில்லை.

அதே வகுப்பில் ஒரு மாணவியின் அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். ‘மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் திருப்பூர்’ என்று பக்கத்தில் இருந்தவள் திருத்தப் போனாள். இவள் விடவில்லை. “இஸ் ஒர்க்கிங்தான் டீச்சர். தறி ஓட ஆரம்பிச்சதும் வந்துருவாரு.”

அவள் எழுதியதற்கே சரி போட்டேன். தற்காலிகமாகச் செய்வதற்கும் ‘ஐஎன்ஜி’ தான்.