மாற்று நுரையீரலின் தையலிடமும் குருத்தணுச் சிகிச்சையும்

நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்று, புதுவேர் பிடிக்கும்வரை வாடி நிற்கும். மாற்று நுரையீரலுக்கும் அத்தகைய வாட்டக்காலம் ஒன்றுண்டு. அதனைக் கடக்கக் குருத்தணுக்கள் உதவுமா என்பதை இவ்வுரையில் விளக்க முற்படுகிறோம். கோலாலம்பூர்த் தேசிய இருதயக் கழகத்தில் நுரையீரல் மாற்று அறுவை நடைபெறுவதால், இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

நுரையீரலுக்குக் குருதி இருவழியில் செல்கிறது. நுரையீரல் தமனி, உயிர்வளி ஏற்றவேண்டிய குருதியைக் கொணர்கிறது. பெருந்தமனியின் மெல்லிய கிளைகளோ மூச்சுக்கிளைக் குழாயின் சுவரை ஊட்டுகின்றன. மாற்று அறுவையில் மூச்சுக்கிளையும் பெருநாளங்களும் தைத்து இணைக்கப்படுகின்றன. அம்மெல்லிய கிளைகள் பெரும்பாலும் இணைக்கப்படுவதில்லை. ஆதலின் தையலிடம் சில வாரங்கள் குருதிக் குறைவால் நலிகிறது. அங்குத் திசு அழுகலாம், தையல் பிரியலாம், பின்னர் வடு இறுகிக் குழாய் சுருங்கலாம்.

1963-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதல் மனித நுரையீரல் மாற்றைச் செய்தார். நோயாளர் 18 நாள்களே உயிர்வாழ்ந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் தோற்ற முயற்சிகள் பலவற்றுக்கு ஆறாத தையலிடமே காரணமாயிற்று. 1983-இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழுவினர் வெற்றி கண்டனர். வயிற்றினுள் உள்ள குருதி நிறைந்த கொழுப்புப் படலத்தைத் தையலைச் சுற்றிப் போர்த்தியது அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று.

குருத்தணு ஆய்வும் அதே நோக்கினது. எலும்பு மச்சை, கொழுப்பு முதலியவற்றிலிருந்து பெறப்படும் இடைத்திசுக் குருத்தணுக்கள் தாமே புதுக்குழாயாக மாறிவிடும் என்று கருதுதல் பிழை. குருதிநாளங்களை வளரத் தூண்டும் புரதங்களைச் சுரப்பதும் அழற்சியைத் தணிப்பதுமே அவற்றின் முதன்மைப் பணியெனக் கருதப்படுகிறது. தையலிடத்திற்கு வேண்டுவனவும் அவையே. எனினும், இச்சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. வழக்கமான மருத்துவமாக ஏற்கப்படவில்லை.

அவசரத்தின் விலையை உலகம் கண்டுள்ளது. 2011-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பவோலோ மக்கியாரினி, குருத்தணு இட்ட செயற்கை மூச்சுக்குழாயைப் பொருத்தத் தொடங்கினார். அங்கு அதனைப் பெற்ற மூவரும் பின்னர் இறந்தனர். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆதலின், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் நம் குடும்பத்தார் ஒருவருக்குக் குருத்தணுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படின், மூன்று வினாக்களை எழுப்புவோம்: இது பதிவுபெற்ற மருத்துவ ஆய்வா? நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா? ஆய்வெனக் கூறிக்கொண்டே பெருந்தொகை கேட்கிறார்களா? மாற்று அறுவை செய்த மருத்துவக் குழுவைக் கலந்த பின்னரே விடையளிப்போம். சேமிப்பை மட்டுமன்று, அரிதிற்பெற்ற நுரையீரலையும் காக்கும் வழி அதுவே.