விண்கல் பள்ளத்தில் ஒரு நகராட்சி (ஜெர்மனியின் சிற்றூர்கள் – 7)

இரவில் கோபுரத்தின் மேலிருந்து குரல் கொடுக்க, இன்றும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது நோர்ட்லிங்கன் நகராட்சி. பவேரியா மாநிலத்து ஊர். புனித ஜார்ஜ் தேவாலயத்தின் 90 மீட்டர் கோபுரத்துக்கு ஊரார் வைத்த பெயர் டானியல். இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, அரை மணிக்கு ஒருமுறை, “ஸோ க்செல் ஸோ” என்று அங்கிருந்து காவலாளி கூவுவார்.

இதற்குப் பின்னால் ஒரு ஊர்க்கதை உண்டு. 1440-இல் ஓட்டிங்கன் பிரபு காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து, கோட்டைக் கதவைத் தாழிடாமல் விடச் செய்தாராம். அந்தக் கதவில் ஒரு பன்றி முதுகைத் தேய்க்க, கதவு அசைந்ததைக் கண்ட பெண் ஒருத்தி அதே சொற்களைச் சொல்லிக் கூச்சல் போட்டாளாம். ஊர் பிழைத்தது. காவலர்கள் பிழைக்கவில்லை.

கோபுரத்தின் 350 படிகளை ஏறிவிட்டால் ஊர் முழுவதும் காலடியில் தெரியும். செந்நிற ஓட்டுக் கூரைகள், அவற்றை வளைத்துக்கொண்டு ஒரு மதில், அதற்கு வெளியே தட்டையான வயல்வெளி, தொலைவில் சுற்றிலும் தாழ்ந்த குன்றுகள். அந்தக் குன்றுகள்தான் விஷயம். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத விண்கல் விழுந்து தோண்டிய ரீஸ் பள்ளத்தின் விளிம்பு அது. அகலம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஊர் வட்டம், பள்ளமும் வட்டம் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடப் பலருக்கும் ஆசை. ஆனால் ஊர் பள்ளத்தின் நடுவில்கூட இல்லை. தென்மேற்கே ஒதுங்கி நிற்கிறது.

இது எரிமலை வாய் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960-இல் நிலவியலாளர்கள் யூஜீன் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் இங்குள்ள பாறையில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். அது உருவாகத் தேவையான அழுத்தம் எந்த எரிமலைக்கும் கிடையாது. சூவைட் எனப்படும் அந்தப் பாறையை வெட்டித்தான் டானியலைக் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குள் வைரத் துகள்களும் உண்டு; கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் கோபுரத்துக்கு ஆபத்தில்லை. 1970 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் நிலவுக்குப் போகுமுன் பாறை பார்க்கப் பழகியது இங்கேதான்.

மதிலை 1327-இல் மன்னர் லூட்விக் விரிவாக்கச் சொன்னார். ஐந்து வாசல், 2.7 கிலோமீட்டர் சுற்று. மேலே கூரை போட்ட நடைபாதை இருப்பதால் மழையிலும் ஊரை ஒரு சுற்று வந்துவிடலாம்.

அந்த மதிலுக்குள் நகர மன்றம் வைத்ததே சட்டம். பேரரசருக்கும் ஊருக்கும் நடுவே குறுநில மன்னர் யாரும் இல்லாத சுதந்திர நகரமாக அன்று இது இருந்தது. வரி, படை, தூக்குமரம் எல்லாம் மன்றத்தின் கையில். அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1589 முதல் சில ஆண்டுகள் ஊர் பார்த்தது. சூனியக்காரிகள் என்று சொல்லி 34 பெண்களையும் ஓர் ஆணையும் கொன்றார்கள். விடுதி நடத்திய மரியா ஹோல் என்ற பெண்ணை 62 முறை சித்திரவதை செய்தும் அவர் வாயிலிருந்து ஒப்புதல் வரவில்லை. பிறந்த ஊரான உல்ம் அவருக்காகப் பரிந்து பேசியது. கடைசியில் மன்றம் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று.

1800-களின் தொடக்கத்தில் பவேரியா ஊரை விழுங்கியது. சுதந்திர நகரம் என்ற பட்டம் அத்தோடு போயிற்று.

இன்று மக்கள்தொகை 20,000-ஐ ஒட்டி. மேயரை மக்களே ஆறாண்டுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றத் தேர்தல் முறைதான் சுவாரஸ்யம். எத்தனை இடமோ, வாக்காளருக்கு அத்தனை ஓட்டு. பிடித்தவருக்கு மூன்று வரை குவிக்கலாம். மிச்சத்தை வேறு கட்சிக்காரர்களுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். கட்சிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு குத்துவதைவிடத் தெரிந்த முகத்துக்குப் போடுவதற்கு வசதியான முறை. வாக்குச்சீட்டை மடிப்பதுதான் பெரும்பாடு.

1972 மாவட்ட மறுசீரமைப்பில், எந்த மாவட்டத்துக்கும் உட்படாத நகரம் என்ற தனி அந்தஸ்தும் பறிபோனது. பக்கத்து டோனாவ்வொர்த் மாவட்டத் தலைநகரானது. சுற்றியிருந்த பத்துக் கிராமங்கள் எழுபதுகளில் நோர்ட்லிங்கனோடு சேர்ந்தது ஓரளவு ஆறுதல். கட்டட அனுமதி போன்ற சில வேலைகள் மட்டும் நகராட்சியிடமே தங்கின. வண்டிப் பதிவு மாவட்டத்துக்குப் போனதால், புது வண்டிகள் எண்பலகையில் டோனாவ்வொர்த்தின் எழுத்துகளைச் சுமந்தே ஓடின. ஊர்க்காரர்களுக்கு இது உறுத்தலாகவே இருந்தது. நோர்ட்லிங்கனின் பழைய எழுத்துகளை மீண்டும் வாங்கிக்கொள்ள 2013-இல் அனுமதி கிடைத்தது.