சுடுவது பிள்ளையின் கையா, லெவல் எண்ணா?

“இன்னும் ஒரே ஒரு லெவல்தான் அம்மா, இதோ வந்துட்டேன்.”

கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பதில் இது. அந்த ஒரு லெவல் முடியும். உடனே அடுத்த லெவலுக்கான கணக்கு தொடங்கிவிடும். தட்டில் போட்ட சோறு ஆறிப் போகும்.

பார்க்கிறவர்களுக்குத் திரையில் தெரிவது துப்பாக்கியும் வெடிச்சத்தமும்தான். ஆனால், பிள்ளையை நாற்காலியில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் வேறொன்று. திரையின் ஓரத்தில் ஒரு சிறு கோடு மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டிருக்கும். அது நிரம்பினால் லெவல் ஏறும். புதிய ஆயுதமோ புதிய திறனோ கிடைக்கும். இந்தக் கோடு துப்பாக்கி விளையாட்டோடு பிறந்தது அல்ல. முற்றிலும் வேறு வகை விளையாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அது எப்படி வந்தது, வந்தபின் என்ன மாறியது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால், பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேசுவது எளிதாகும்.

இரண்டு வேறு குடும்பங்கள்

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். அதற்குக் கணினி தேவையில்லை. தாள், பென்சில், பகடைக்காய் இருந்தால் போதும். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். பாத்திரத்தின் வலிமை, அறிவு எல்லாம் எண்களாகத் தாளில் எழுதப்பட்டிருக்கும். வாள் வீச்சு எதிரியின் மேல் படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும். வெற்றி பெற்றால் அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். இதுவே ‘ரோல் பிளேயிங்’ எனப்படும் பாத்திர விளையாட்டின் அடிப்படை. ஆடுகிறவர் நோஞ்சானாக இருந்தாலும் அவருடைய பாத்திரம் மலையைத் தூக்கலாம்.

துப்பாக்கி விளையாட்டின் வழி வேறு. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. ஆடுகிறவர் பாத்திரத்தின் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்ப்பார். திரையின் கீழே துப்பாக்கி மட்டும் தெரியும். இங்கே பகடை இல்லை, பாத்திரத்துக்கு லெவலும் இல்லை. கண் பார்க்கிறது, கை சுடுகிறது. பழகிய கை வெல்லும், பழகாத கை தோற்கும். முதல் நாள் தோற்றவன் பத்தாம் நாள் வென்றால், முன்னேறியது அவன்தான். திரையில் உள்ள பாத்திரம் அல்ல.

ஒன்றில் எண் முடிவு செய்கிறது, மற்றதில் கை முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே விளையாட்டில் சேர்த்தால் ஒரு சிக்கல் வரும். குறி தவறினால், தவறியது யார்? ஆடுகிறவரா, பாத்திரமா?

குறி தவறியது யார்?

இந்தக் கேள்விக்குத் துணிந்து பதில் சொன்ன விளையாட்டுகளில் ஒன்று ‘டியூஸ் எக்ஸ்’. வாரன் ஸ்பெக்டர் தலைமையில் அயோன் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஆஸ்டின் நகர்க் குழு உருவாக்கிய இது, 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. கதை நடப்பது 2052ஆம் ஆண்டில்.

இதில் கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி, பூட்டுத் திறத்தல், கணினிக்குள் ஊடுருவுதல், நீச்சல் என்று 11 திறன்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் பயிற்சி இல்லாத நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை நான்கு படிகள். துப்பாக்கியைக் குறிவைத்தால் திரையின் நடுவே குறிக்கோடுகள் விரிந்து நிற்கும். அசையாமல் நின்றால் அவை மெல்லச் சுருங்கும். பயிற்சி இல்லாத பாத்திரத்துக்கு அவை சுருங்க வெகுநேரம் ஆகும். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியை எடுத்தால் காட்சி இங்கும் அங்கும் ஆடும். அதே திறனில் வல்லுநர் படியை எட்டிய பிறகு காட்சி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆடுகிறவரின் கை மாறவில்லை. பாத்திரத்தின் கைதான் மாறியிருக்கிறது.

‘நான் சரியாகத்தானே குறிவைத்தேன், ஏன் படவில்லை?’ என்ற எரிச்சல் இத்தகைய விளையாட்டுகளில் எப்போதும் உண்டு. ஆனால், அதற்கு ஈடாக ஒரு நன்மை இருந்தது. கை வேகம் இல்லாதவருக்கும் இதில் இடம் இருந்தது. சுட வராதா? பூட்டைத் திறந்து பின்வழியாகப் போகலாம். கணினிக்குள் புகுந்து கண்காணிப்புக் கேமராவை அணைக்கலாம். நீந்தி அடியில் போகலாம். ஒரே கதவுக்குப் பல சாவிகள்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ‘டியூஸ் எக்ஸ்’ எதிரியைக் கொன்றதற்காகத் திறன் புள்ளி தருவதில்லை. இலக்கை முடித்தால், மறைவான இடத்தைக் கண்டுபிடித்தால் புள்ளி தரும். ஆகவே, புள்ளிக்காகக் கண்ணில் பட்டவரையெல்லாம் சுட வேண்டிய தேவை இல்லை. ஒரு விளையாட்டு எதற்குப் புள்ளி தருகிறதோ, அதையே ஆடுகிறவர் திரும்பத் திரும்பச் செய்வார். புள்ளி முறையைப் பார்த்தாலே விளையாட்டின் குணம் தெரிந்துவிடும்.

எண்கள் பறக்கும் சண்டை

2009ஆம் ஆண்டு டெக்சஸைச் சேர்ந்த கியர்பாக்ஸ் நிறுவனம் ‘பார்டர்லேண்ட்ஸ்’ மூலம் வேறு பதில் சொன்னது. இங்கே பெரும்பாலும் குறிவைத்த இடத்தில் தோட்டா படும். கைக்கு மரியாதை உண்டு. ஆனால், பட்ட தோட்டா எவ்வளவு சேதம் செய்யும் என்பதை லெவல் தீர்மானிக்கும். எதிரியின் உடம்பிலிருந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓர் எண் பறக்கும். பல லெவல் மேலே உள்ள எதிரியைத் தலையிலேயே சுட்டாலும் சிறு கீறல்தான். லெவல் ஏறி வந்தால் அதே எதிரி ஓரிரு தோட்டாவில் விழுவான்.

துப்பாக்கிகளும் இங்கே தனிக்கதை. குழல், தோட்டா உறை, கைப்பிடி, தொலைநோக்கி போன்ற உறுப்புகளைக் கணினியே மாற்றி மாற்றிச் சேர்த்துப் புதிய துப்பாக்கிகளை உருவாக்கும். இப்படி உருவான வகைகள் 17 மில்லியனுக்கும் அதிகம் என்று கின்னஸ் சாதனையே பதிவானது. விழுந்த எதிரியிடமிருந்து என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. வெள்ளை நிறம் என்றால் சாதாரணம், ஆரஞ்சு என்றால் அரிது. அந்த ஆரஞ்சு நிறத்துக்காகவே பலர் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் ஆடினார்கள்.

நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆனால், லெவல் எண் இங்கேயும் குறுக்கே வந்தது. அண்ணன் 30ஆம் லெவல், தம்பி 10ஆம் லெவல் என்றால், அண்ணனின் ஆட்டத்துக்குள் வரும் தம்பியால் எதிரியைக் கீறக்கூட முடியாது. கீழே விழும் துப்பாக்கியும் முதலில் எடுத்தவருக்கே. 2019ஆம் ஆண்டு வந்த ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ இதைச் சரிசெய்தது. அவரவர் லெவலுக்கு ஏற்ற எதிரி, அவரவருக்குத் தனித்தனிப் பொருள் என்ற வசதியைத் தந்தது. பத்து ஆண்டு கழித்தாவது தம்பிக்கு நியாயம் கிடைத்தது.

55 படிகள் ஏறி மீண்டும் முதல் படிக்கு

இந்த ஏணியை உலகளவில் பழக்கமாக்கியதில் இன்ஃபினிட்டி வார்ட் உருவாக்கி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’ விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் இணையச் சண்டையில் 55 படிகள் இருந்தன. படி ஏற ஏறப் புதிய துப்பாக்கிகளும் சிறப்புத் திறன்களும் திறந்தன.

இதன் விளைவு எளிதில் புரியும். நீண்ட நாள் ஆடியவரிடம் பழகிய கையும் இருக்கும், விருப்பம்போல் தேர்ந்தெடுக்கக் கூடுதல் ஆயுதங்களும் இருக்கும். புதிதாக வருகிறவரிடம் இரண்டும் இருக்காது. 55ஆம் படியை எட்டியவருக்குக் காத்திருந்த பரிசுதான் வேடிக்கை. விரும்பினால் திறந்த ஆயுதங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீண்டும் முதல் படியிலிருந்து ஏறலாம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு புதிய சின்னம் கிடைக்கும். இப்படிப் பத்து முறை செய்யலாம். பலர் செய்தார்கள். ஏறி முடித்த உச்சியைவிட ஏறிக்கொண்டிருக்கும் சுகமே பெரிதாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏணியின் அமைப்பும் பழையதுதான். தொடக்கக் கால ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 புள்ளிகள் வேண்டும். மூன்றாம் லெவலுக்கு மொத்தம் 4,000, நான்காம் லெவலுக்கு 8,000. முதல் படிகள் எளிது, பிந்தைய படிகள் நீளம். இன்றைய விளையாட்டுகள் பலவும் இப்படித்தான். முதல் நாள் மாலையில் ஐந்து லெவல் ஏறிய பிள்ளை, ஒரு மாதம் கழித்து ஒரே லெவலுக்கு ஒரு மாலை முழுவதும் உட்காருவது இதனால்தான்.

பணம் நுழைந்த இடம்

லெவல் ஏற நேரம் வேண்டும் என்றால், அந்த நேரத்தைப் பணத்தால் வாங்க முடியுமா? 2017ஆம் ஆண்டு நவம்பரில் இந்தக் கேள்வி வெடித்தது. இஏ நிறுவனத்தின் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ வெளிவரவிருந்த நேரம். அதில் சண்டைத் திறனைக் கூட்டும் அட்டைகள் ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் பெட்டிகளுக்குள் இருந்தன. பெட்டியை ஆடியும் பெறலாம், உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும்.

டார்த் வேடர் போன்ற நாயகப் பாத்திரத்தைத் திறக்கத் தேவையான புள்ளிகளைச் சேர்க்க 40 மணி நேரம் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினர். எதிர்ப்பு பெருகவே, அந்த விலையை நிறுவனம் 75 விழுக்காடு குறைத்தது. பிறகு, வெளியீட்டுக்கு முந்திய நாள் பண விற்பனையையே நிறுத்தியது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், சண்டைத் திறனை ஆட்டத்தின் மூலம் மட்டுமே பெற முடியும் என்று முறையை மாற்றியது. அடுத்த மாதமே பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், வேறு மூன்று விளையாட்டுகளில் இருந்த பணப் பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது. அவற்றில் ‘ஓவர்வாட்ச்’, ‘கவுண்டர் ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்’ ஆகிய இரண்டும் துப்பாக்கி விளையாட்டுகள்.

பெட்டி ஏன் ஈர்க்கிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் விளக்கம் தருகின்றன. ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைக்கும் புறாவைவிட, எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. எண் விளையாட்டுக் கடை வாசலில் வரிசையில் நிற்பவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

லெவல் ஏறுவது தன்னளவில் தீமை அல்ல. ஒரு பாத்திரத்தை எப்படி வளர்ப்பது, எந்தத் திறனை விடுவது, எதைச் சேர்ப்பது என்று திட்டமிடுவதில் உண்மையான சிந்தனை இருக்கிறது. ஆகவே, எல்லா விளையாட்டையும் ஒரே பட்டியலில் வைத்துத் திட்டுவதைவிட, பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று, இந்த விளையாட்டு எதற்குப் புள்ளி தருகிறது? இரண்டு, லெவல் ஏறும்போது வளர்வது உன் திறமையா, பாத்திரத்தின் எண்ணா? மூன்று, அந்த எண்ணைப் பணம் கொடுத்து ஏற்ற முடியுமா? மூன்றாவதற்குப் பதில் ‘முடியும்’ என்றால், கைப்பேசியிலோ கணினியிலோ வங்கி அட்டை எண் பதிவாகி இருக்கிறதா என்று உடனே பார்ப்பது நல்லது.

வயது முத்திரையையும் கவனிக்க வேண்டும். ‘பார்டர்லேண்ட்ஸ்’, ‘கால் ஆஃப் டூட்டி 4’ ஆகிய இரண்டுக்கும் அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்ற முத்திரை. பெட்டிச் சர்ச்சையில் சிக்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டுக்கோ 13 வயதுக்கு மேல் என்ற முத்திரைதான். இரத்தம் குறைவு என்பதால் செலவும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

கடைசியாக, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு வழி. ‘இந்த லெவல் முடிந்ததும் வா’ என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். அது எப்போது முடியும் என்று பிள்ளைக்கே தெரியாது. ‘இந்த ஆட்டம் முடிந்ததும் வா’ என்று சொல்லலாம். இணையச் சண்டைகளில் ஓர் ஆட்டம் பெரும்பாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் இழுத்து எழுப்பி, கூட ஆடுபவர்களைக் கைவிடச் செய்யவும் தேவையிருக்காது. லெவல் கோடு அடுத்த நாளும் அதே இடத்தில் காத்திருக்கும்.