இராமானுஜன் தவறவிட்ட எண்

திருகோணமலைத் துறைமுகத்தில் இறக்கிய பன்னிரண்டு பெட்டிகளை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய எத்தனை வரிசைகளாகவும் மீதியின்றி அடுக்கலாம். இன்னும் ஒரு பெட்டி சேர்ந்து பதின்மூன்றாயின், ஒரே வரிசையாகவோ ஒவ்வொன்றாகவோ அன்றி வைக்க வேறு வழியில்லை. பெரிதாய் இருப்பதனால் மட்டும் ஓர் எண் பகுப்பிற்கு இசைவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

தன்னிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் மிக்க எண்ணை ‘மிகுகாரணி எண்’ என ஈண்டு வழங்குவோம். 12 அத்தகையது. நாளொன்றுக்கு நாழிகை 60 என்றும், ஆண்டு வட்டம் 60 என்றும் நம் முன்னோர் கொண்டனர். அந்த 60உம் அத்தகையதே. அதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. 60 = 2² × 3 × 5. ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கின், 3 × 2 × 2 = 12.

ஈரோட்டில் 1887இல் பிறந்த சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையொன்றை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். அதன் பயனாக 1916இல் பட்டமும் பெற்றார். அக்கட்டுரையின் அட்டவணை 6,746,328,388,800 வரை செல்கின்றது. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடியையும் கடந்த இவ்வெண்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

என விரியும். முற்கூறிய முறையாற் கணிப்பின் காரணிகள் 10,080.

எனினும் அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 293,318,625,600. 4,608 காரணிகளையுடைய 195,545,750,400க்கும், 5,376 காரணிகளையுடைய 321,253,732,800க்கும் இடையே அது நிற்றல் வேண்டும். அட்டவணையின் இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவதும் அதுவே! ஆதலின் அதன் காரணிகள் 10,080இற் பாதி, அஃதாவது 5,040.

கணிப்பொறி இல்லாத நாளில், தாளும் பேனாவும் கொண்டு அத்துணைத் தொலைவு சென்ற பேரறிஞருக்கு இஃது இழுக்காகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. பெரியோர் கூறினர் என்பதற்காக ஒன்றைச் சோதியாது மனப்பாடம் செய்தலே அவருக்கு நாம் இழைக்கும் குறையாகும். 5,040 என்னும் தொகையைப் பாடசாலை மாணவரும் சில நிமிடத்திற் சரிபார்க்கலாம். அதனிற் சிறிய எவ்வெண்ணும் அத்தொகையை எட்டாது என நிறுவுதல் மட்டும் நீண்ட உழைப்பை வேண்டும்.

இளைய மாணவர்க்கு ஒரு வினா விடுத்து அமைவோம். 300க்குக் குறைந்த எண்களுள் காரணிகள் மிகுந்தது எது? விடையை நாம் கூறோம். கூறினாலும் நீங்கள் சோதித்தே ஏற்பீர்களாக.