முத்துச்சிப்பியின் சதை மெழுகில் ஏன் ஒட்டாமல் குழைகிறது?

1973-ல் தூத்துக்குடியில் கே. அழகர்சுவாமி குழுவினர் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். சிப்பிக்குள் அப்படி முத்தைச் சுரக்கும் மெல்லிய பையை நுண்ணோக்கியில் காண ஆசையா? சதையைச் சுமார் 5 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். மென்மையான சதை அதைத் தாங்க, உள்ளே மெழுகு இறங்கி இறுக வேண்டும்.

ஆனால் சதை முழுக்கத் தண்ணீர். மெழுகோ தண்ணீரோடு சேராது. எனவே ஃபார்மலினில் பதப்படுத்திய துண்டின் நீரை ஆல்கஹால் வெளியேற்றும். ஆல்கஹாலைச் சைலீன் வெளியேற்றும். சைலீனின் இடத்தை உருகிய மெழுகு பிடிக்கும்.

கருவாடு போடுவதை நினைத்துப் பாருங்கள். தடித்த மீனைக் கீறாமல் காயவைத்தால் மேலே காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். சதைத்துண்டும் அப்படித்தான். தடித்திருந்தால் நடுப்பகுதி குழைந்து, சீவும்போது கழன்று விழும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் நொறுங்கும்.

மெல்லியதாக வெட்டியும் குழைகிறதா? ஆல்கஹாலைச் சந்தேகியுங்கள். கடலோரக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மூடி திறந்து கிடந்த பாட்டிலை நம்பவே கூடாது! சைலீன் பால்போல் கலங்கினால், தண்ணீர் இன்னும் போகவில்லை.

குழைந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். மெழுகை உருக்கி, சைலீன், ஆல்கஹால் எனப் பின்னோக்கிப் போய், புது ஆல்கஹாலில் தொடங்கி மீண்டும் முன்னேறினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். நொறுங்கும் துண்டுக்கு வேறு வைத்தியம்: மெழுகுக்கட்டியின் வெட்டுமுகத்தைப் பனிக்கட்டி நீரில் சற்று ஊறவிட்டுச் சீவுங்கள்.

சீவலில் நேர்க்கோடாகக் கிழிசல் விழுந்தால் மணலோ ஓட்டுத்துணுக்கோ கத்தியில் பட்டிருக்கலாம். அடுத்த துண்டில் உள்ள ஓட்டின் சுண்ணாம்பை மெழுகேற்றும் முன்பே அமிலத்தில் கரைத்துவிடுங்கள். மணலைக் கழுவித்தான் நீக்க வேண்டும்.