கருத்து வேறுபாட்டு வினா

கருத்து வேறுபாட்டு வினா என்பது ஏரணத் திறன் தேர்வுகளில் இடம்பெறும் ஒரு வினா வகை ஆகும். இருவர் பேசும் ஒரு சிறு உரையாடலைக் கொடுத்து, அவர்கள் எந்தக் கூற்றில் மாறுபடுகின்றனர் என்று இவ்வினா கேட்கும். ஒரே கூற்றை ஒருவர் ஏற்று மற்றவர் மறுத்தால் மட்டுமே அது கருத்து வேறுபாடாகக் கொள்ளப்படும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் எல்சாட் தேர்வின் வழியாக இவ்வகை வினா பரவலாக அறியப்படுகிறது.

தேர்வில் இதன் இடம்

எல்சாட் தேர்வு 1948 ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டு வருகிறது. இதன் மதிப்பெண் 120 முதல் 180 வரையிலான அளவில் தரப்படுகிறது. 2024 ஆகத்து மாதத்தில் புதிர் வகையைச் சார்ந்த பகுப்பாய்வுப் பகுதி நீக்கப்பட்டது. அதன் பின்னர் மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு ஏரணப் பகுதிகளாகவும் ஒன்று வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியாகவும் அமைந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடங்கள் வழங்கப்படுகின்றன. ஓர் ஏரணப் பகுதியில் ஏறத்தாழ 25 வினாக்கள் இருப்பதால், ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே கிடைக்கிறது. எனவே ஐந்து விடைகளையும் விரைவாகச் சோதிக்க ஓர் ஒழுங்கான முறை தேவைப்படுகிறது.

கண்டறியும் முறை

ஒவ்வொரு விடையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு பின்வரும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. இக்கூற்றைப் பற்றி முதலாமவர் ஏதேனும் நிலைப்பாடு கொண்டுள்ளாரா?
2. இரண்டாமவர் ஏதேனும் நிலைப்பாடு கொண்டுள்ளாரா?
3. அவ்விரு நிலைப்பாடுகளும் எதிரெதிரானவையா?

மூன்றுக்கும் "ஆம்" என்ற பதில் கிடைக்கும் கூற்றே சரியான விடையாகும். நிலைப்பாடு வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சொன்னவற்றிலிருந்து கட்டாயமாகப் பெறப்படுவதாக இருந்தாலும் போதுமானது. ஆனால் "இவர் இப்படித்தான் நினைப்பார்" என்று ஊகித்து நிலைப்பாட்டை ஏற்றிக் கூறுதல் கூடாது.

எடுத்துக்காட்டு

முதலாமவர்: ஆற்றின் குறுக்கே உள்ள பழைய பாலத்தை இடிக்க வேண்டும். கனரக வண்டிகள் செல்லும் பாலம் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும். இதன் தூண்களிலோ விரிசல் விழுந்துள்ளது. விரிசல் விழுந்த தூண்களை எவ்வளவு பழுது பார்த்தாலும் பாதுகாப்பானவையாக ஆக்க இயலாது.

இரண்டாமவர்: பாலத்தை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் விரிசல் அதற்குக் காரணமாகாது. இதே போன்று விரிசல் கண்ட தூண்கள் வேறு இடங்களில் பழுது பார்க்கப்பட்டு, கனரக வண்டிகளைப் பாதுகாப்பாகத் தாங்கி வருகின்றன. பாலம் மிகக் குறுகலாக இருப்பதே உண்மையான குறை.

இவர்கள் மாறுபடும் கூற்று எது?

(அ) பழைய பாலத்தை இடிக்க வேண்டும்.
(ஆ) பழைய பாலம் மிகக் குறுகலானது.
(இ) விரிசல் விழுந்த தூண்களைப் பழுது பார்த்துப் பாதுகாப்பானவையாக ஆக்க முடியும்.
(ஈ) புதிய பாலத்துக்கான செலவை நகராட்சி ஏற்க வேண்டும்.
(உ) கனரக வண்டிகள் செல்லும் பாலம் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும்.

(அ) கூற்றை இருவரும் ஏற்கின்றனர். (ஆ) கூற்றை இரண்டாமவர் சொல்கிறார்; முதலாமவர் பாலத்தின் அகலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. (ஈ) பற்றி இருவருமே பேசவில்லை. (உ) கூற்றை முதலாமவர் சொல்கிறார். இரண்டாமவர் அதை எங்கும் மறுக்கவில்லை. (இ) கூற்றை முதலாமவர் மறுக்கிறார், இரண்டாமவர் ஏற்கிறார். எனவே (இ) சரியான விடையாகும்.

இருவரும் முடிவில் ஒன்றுபட்டுக் காரணத்தில் மாறுபடுகின்றனர் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. முடிவுகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் இங்கு வேறுபாடே இல்லை என்று கருதக்கூடும். "ஆனால்" என்ற சொல்லை மட்டும் கண்டவர் அனைத்திலும் வேறுபாடு என்று கருதக்கூடும். இரண்டுமே பிழையாகும்.

வழக்கமான பிழைகள்

தேர்வு எழுதுவோர் மிகுதியாக ஏமாறுவது ஒருவர் மட்டுமே பேசிய கூற்றில் ஆகும். அக்கூற்று உரையாடலில் உள்ள சொற்களாலேயே அமைந்திருப்பதால் சரியானது போலத் தோன்றும். மற்றவரின் மௌனம் மறுப்பாகாது.

முரண் போலத் தோன்றினாலும் முரணாகாத கூற்றுகள் மற்றொரு வகை. "பெரும்பாலான மாணவர்கள் தேறினர்" என்பதும் "சில மாணவர்கள் தேறவில்லை" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அவ்வாறே "நெகிழிப் பைகளைத் தடை செய்ய வேண்டும்" என்று ஒருவரும், "அத்தடையை நடைமுறைப்படுத்துவது கடினம்" என்று மற்றவரும் கூறினால், தடை தேவையா என்பதில் அவர்கள் மாறுபடுவதாகக் கொள்ள இயலாது. கடினமானது என்று ஒப்புக்கொண்டே ஒருவர் தடையை ஆதரிக்கலாம்.

இருவரும் எந்தக் கூற்றில் உடன்படுகின்றனர் என்று கேட்கும் வினாக்களும் அவ்வப்போது இடம்பெறும். அவற்றுக்கும் இதே முறை பொருந்தும். மூன்றாவது கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்க வேண்டும்.

பண்டைய பேச்சுக்கலையில்

வாதத்தின் மையத்தைக் கண்டறியும் முயற்சி மிகப் பழமையானது. கிமு 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேச்சுக்கலை ஆசிரியரான எர்மாகோரசு, ஒரு வழக்கு நான்கு நிலைகளில் ஒன்றில் நிற்கும் என்று வகுத்தார். செயல் நடந்ததா, நடந்த செயலுக்கு என்ன பெயர், அது எத்தகையது, அதை விசாரிப்பதற்கு உரிய இடம் இதுதானா என்பன அந்நிலைகள் ஆகும். ஒரு பொருளைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் "நான் எடுக்கவே இல்லை" என்றால் வழக்கு முதல் நிலையில் நிற்கும். "எடுத்தேன், ஆனால் அது திருட்டு அன்று" என்றால் இரண்டாம் நிலைக்கு நகரும். உரோமானிய வழக்கறிஞரான சிசெரோவும் இப்பகுப்பைத் தமது நூலில் விளக்கியுள்ளார்.

நீதிமன்ற நடைமுறையில்

இந்திய உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 1908 இன் கட்டளை 14, எழுவினாக்களை வகுப்பது பற்றியது. வழக்குக்கு இன்றியமையாத ஒரு பொருண்மைக் கூற்றையோ சட்டக் கூற்றையோ ஒரு தரப்பு வலியுறுத்தி மறு தரப்பு மறுக்கும்போது எழுவினா எழுகிறது என்று அதன் முதல் விதி கூறுகிறது. நீதிமன்றம் வழக்குரையையும் எதிருரையையும் படித்துத் தரப்பினர் எவற்றில் மாறுபடுகின்றனர் என்று கண்டறிந்து எழுவினாக்களை வகுக்க வேண்டும். விசாரணை அவற்றின் மீதே நடைபெறும். எழுவினா தவறாக வகுக்கப்பட்டால், தரப்பினர் தேவையற்றதை நிறுவுவதில் காலத்தையும் பணத்தையும் இழக்க நேரிடும்.

எனினும் தேர்வுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. தேர்வில் ஒருவர் பேசாத கூற்றில் அவருக்கு எந்த நிலைப்பாடும் இல்லை. அதே சட்டத்தின் கட்டளை 8, விதி 5 இன்படியோ, வழக்குரையில் கூறப்பட்ட ஒரு பொருண்மையைப் பிரதிவாதி குறிப்பாகவோ உட்கிடையாகவோ மறுக்காமலும், ஏற்கவில்லை என்று கூறாமலும் விட்டால், பொதுவாக அவர் அதை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஏரணத்தில் மௌனம் வெறும் மௌனமே. எதிருரையில் அது ஒப்புதலாகிவிடும்.