சுருங்கும் இரும்பு, வளரும் இரும்பு

பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வாசகி ஒருவர், நிலவறையில் கண்ட ஓர் அடுப்பின் படத்தை அனுப்பியிருந்தார். "ஆளுயரம் இருக்கிறது ஐயா. தலையில் கிரீடம் வைத்திருக்கிறது. சுற்றிலும் சின்னச் சின்ன ஜன்னல்கள். பானை வைக்க இடமே இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. இது என்ன அடுப்பு?"

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள் என்று அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். ஏன் என்பதை எல்லோருக்குமாகச் சொல்ல இந்தப் பக்கம் வேண்டியிருக்கிறது.

அது சமையலுக்கான அடுப்பு அல்ல. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் கணப்பு. பேஸ் பர்னர் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவின் வசதியான வீடுகளில் நடுக்கூடத்தில் நின்றது. அது எரித்தது ஆந்த்ரசைட் என்கிற கெட்டி நிலக்கரியை. பென்சில்வேனியாவின் கிழக்கே அது ஏராளமாகக் கிடந்தும், லேசில் பற்றாத காரணத்தால் வெகுகாலம் வீட்டுக்கு உதவாத கரியாகவே இருந்தது. 1808 பிப்ரவரி 11 அன்று வில்க்ஸ்-பாரி ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர், இரும்புக் கிராதியின் மேல் கரியை அடுக்கி, அடியிலிருந்து காற்று ஏறும்படி விட்டு எரித்துக் காட்டினார். அதன்பின் அதற்கேற்ற அடுப்பைத் தேடிப் பலர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எலிஃபலெட் நாட். ஸ்கெனெக்டடியில் உள்ள யூனியன் கல்லூரிக்கு 62 ஆண்டுகள் தலைவராக இருந்த பாதிரியார். கூடவே அடுப்புகளுக்கு வரிசையாகக் காப்புரிமை வாங்கியவர். நியூயார்க்கின் ஜார்டன் மாட், கழிவாகத் தள்ளப்பட்ட பொடிக்கரியை எரிக்கும் அடுப்பைச் செய்து பெரிய வார்ப்பாலையே கட்டினார்.

பேஸ் பர்னரின் நடுவில், நெருப்புக்கு நேர் மேலே, ஒரு குழாய்த் தொட்டி தொங்குகிறது. நான் சின்ன வயதில் தூக்குவாளியோடு வரிசையில் நின்ற மாவு மில்லில், மேலே கூம்பில் கொட்டிய கோதுமை அரைபட அரைபடத் தானே இறங்கும். இங்கே கரியும் அப்படித்தான் இறங்குகிறது. கீழே எரிந்து சாம்பலானால் அந்த அளவுக்கு மட்டும் மேலிருந்து சரியும். காலையில் தொட்டியை நிரப்பினால் மறுநாள் காலைவரை கவலை இல்லை. முன்பனியில் மூட்டிய நெருப்பை வசந்தம் வரை அணையவிடாமல் ஓட்டிய குடும்பங்கள் உண்டு.

பெயரில் உள்ள 'பேஸ்' அடிப்பீடத்தைக் குறிக்கிறது. நெருப்பு நன்றாகப் பிடித்ததும் பின்பக்கத்து அடைப்புத் தகட்டைத் திருப்பினால், புகைபோக்கிக்கு நேரே ஓடவிருந்த சூடான வாயு கீழே இறங்கி, உள்ளே வெறுமையாக இருக்கும் பீடத்தைச் சுற்றிவிட்டு, அதன் பிறகே பின்குழாய் வழியாக மேலேறும். அதற்குள் தன் சூட்டில் பெரும்பகுதியைக் கூடத்துக்குக் கொடுத்துவிடும். தரையோடு கிடக்கும் குளிர் முதலில் விலகுவதும் இதனால்தான்.

ஜன்னல்களில் இருப்பது கண்ணாடி அல்ல, மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்று பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் அதே கனிமம். அந்தக் காலத்துச் சாதாரணக் கண்ணாடி இந்தச் சூட்டில் படீரென்று விரிசல் விட்டுவிடும். மைக்கா ஏடு ஏடாகப் பிரியும், வளையும், 500 டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்கும். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ரகில்ஸ் சுரங்கம் 1803-லிருந்து மைக்காவுக்காகவே தோண்டப்பட்டது. பின்னாளில் உலகத்துக்குத் தகடு மைக்காவை வாரி வழங்கியதில் இந்தியாவுக்கு முதலிடம். கோடர்மாவோடு, அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரும் அதில் சேர்த்தி. அந்தச் சிறு ஜன்னல் வழியே பார்த்தால் செந்தணலின் மேல் நீலச் சுடர்கள் ஓசையில்லாமல் ஆடுவது தெரியும். கார்பன் மோனாக்சைடு எரிகிற நிறம் அது. கரியடுப்புப் பிரியர்கள் அந்தச் சுடர்களை 'நீலப் பெண்கள்' என்று அழைக்கிறார்கள்.

இந்த அடுப்புகள் பிறந்த ஊர்களில் முதன்மையானவை ஹட்சன் ஆற்றங்கரையின் ட்ராய், ஆல்பனி, பிற்பாடு டெட்ராய்ட். ஆல்பனிப் பக்கத்து மணல் வார்ப்பு வேலைக்குப் பேர்போனது. மாவு மாதிரி நுண்ணிய அந்த மணலில் அச்சு எடுத்ததால்தான், இலை நரம்புகூட இரும்பில் பதிந்தது. பாஸ்பரஸ் கூடுதலாக உள்ள இரும்பை உருக்கி ஊற்றினார்கள். அது தண்ணீராய் ஓடி மெல்லிய தகடுகளிலும் மூலைவரை நிரம்பும். ஆனால் உறைந்த பிறகு எளிதில் உடையும். அழகுக்குக் காரணமான அதே குணம்தான் இன்று இந்த அடுப்புகளைப் புதுப்பிப்பவர்களுக்குத் தீராத வேலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுப்புத் தொழிலின் செருக்கு உச்சத்தில் இருந்தபோது, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மிச்சிகன் அடுப்புக் கம்பெனி 25 அடி உயரத்துக்கு ஒரு கார்லண்ட் அடுப்பை நிறுத்தியது. முழுக்க ஓக் மரத்தில் செதுக்கி, உலோகமாகத் தெரியும்படி வண்ணம் தீட்டியது. பிறகு டெட்ராய்ட்டின் அடையாளங்களில் ஒன்றாக அது நின்றது. 2011-இல் மின்னல் விழுந்து எரிந்துபோனது. நிஜ அடுப்புகளின் கதி அதைவிட மோசம். குழாய் வழிச் சூடு, எண்ணெய், எரிவாயு எல்லாம் வந்தபின் அவை நிலவறைக்குப் போயின. இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்பு திரட்டியதில் கணக்கில்லாமல் உலைக்குப் போயின.

தப்பிப் பிழைத்தவற்றைத் தேடி எடுத்து, பழுது நீக்கி விற்பதே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் நியூ இங்கிலாந்துப் பக்கம் உண்டு. முதல் வேலை அடுப்பைக் கடைசித் துண்டுவரை பிரிப்பது. நூறு வருடத் துருவில் திருகாணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனரைப் போட்டு வலுவாகத் திருகினால் ஆணி வராது, அது இருக்கிற வார்ப்புக் காதுதான் ஒடிந்து வரும். ஆகவே எண்ணெய் ஊறவிட்டு, சூடுகாட்டி, அதுவும் பலிக்காவிட்டால் ஆணியைத் துளைத்தே எடுப்பார்கள். பிறகு நுண்ணிய மணியைக் காற்றில் பீய்ச்சித் துருவை உதிர்ப்பார்கள். கறுப்புப் பாகங்களுக்குக் கிராஃபைட் பூச்சு. பளபளக்கும் பாகங்களுக்குப் பழைய முலாமை நீக்கி, மெருகேற்றி, புதிதாக நிக்கல். நிக்கலுக்குப் பதில் குரோமியம் பூசித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஐசக் ஆடம்ஸ் 1869-இல் காப்புரிமை வாங்கியதிலிருந்து பரவிய நிக்கலுக்கு மெல்லிய மஞ்சள் சாய்ந்த ஒளி உண்டு. குரோமியம் நீலம் அடிக்கும். 1890-இல் செய்த அடுப்பில் அந்த நீலத்தைப் பார்த்தாலே எனக்கு மனம் ஒப்புவதில்லை.

என்னை இந்தத் தொழிலில் கட்டிப்போட்டது வேறொன்று. உடைந்த கதவுக்கு மாற்றுக் கதவு வேண்டும். செய்த கம்பெனி மூடி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. அதே மாதிரி அடுப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் நல்ல கதவை இரவல் வாங்கி, அதையே மணலில் பதித்து அச்செடுத்து, இரும்பு ஊற்றினால் ஆயிற்று என்றுதானே தோன்றும்? அப்படி வார்த்த கதவு பொருந்தாது. உருகிய இரும்பு உறைந்து ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஓர் அடிக்கு மூன்று மில்லிமீட்டர். கதவு சட்டத்துக்குள் ஆடும். கீல் துளை கொண்டிக்கு நேரே வராது. சுற்றிலும் விழும் இடுக்கில் காற்று புகுந்து நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்காது. அந்தக் கதவையே பேட்டர்னாக, அதாவது அச்செடுக்கும் மாதிரியாக, வைத்து இன்னொன்று வார்த்தால் அது இன்னும் ஒரு பங்கு சிறுக்கும்.

கோவையில் ஃபவுண்டரிப் பக்கம் போனவர்களுக்கு இது புதிதில்லை. பீளமேட்டில் ஒரு பேட்டர்ன் பட்டறையில், மரத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்த பெரியவரின் ஸ்கேலை வாங்கிப் பார்த்தேன். அதில் ஓர் அடி என்று போட்டிருந்தது என் கையில் இருந்த அடிக்கோலைவிடக் கொஞ்சம் நீளம். "இரும்பு சுருங்கறதுக்குங்க" என்றார். பித்தளைக்கு வேறு ஸ்கேல், அலுமினியத்துக்கு வேறு. ட்ராய் நகரத்து ஆட்கள் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் மரத்தில் செதுக்கிய மூலத்திலிருந்து முதலில் உலோகப் பேட்டர்ன் வார்த்து, அதைக் கொண்டே ஆயிரக்கணக்கில் அடுப்புப் பாகங்களை வார்த்தார்கள். எனவே மரத்தைச் செதுக்குகிறவர் இரண்டு சுருக்கத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்து, கொடியையும் பூவையும் அந்த அளவுக்குப் பெரிதாக்கியே செதுக்க வேண்டும். அந்த மரமூலங்களில் பெரும்பாலானவை ஆலை மூடியபோது விறகாகவோ குப்பையாகவோ போய்விட்டன. கைதேர்ந்த சிற்பவேலை அத்தனையும் போனது அதோடுதான். ஒரு நாடு இரும்பைச் சேர்த்து வைக்கத் தெரிந்து, அந்த இரும்பைப் பிறப்பித்த மரத்தை எறிந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொரு விந்தையும் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிறக்கும்போது சுருங்குகிறது. நெருப்பில் கிடந்தால் வளர்கிறது. தணல் தங்கும் குடுவையும் கிராதியும் குளிர்காலம்தோறும் சிவக்கச் சிவக்கக் காய்ந்து ஆறுகின்றன. இரும்புக்குள் இருக்கும் கார்பன் பிரிந்து கிராஃபைட்டாகிறது, விரிசல் வழியே புகும் காற்று உள்ளே துருவை உண்டாக்குகிறது, துண்டு நிரந்தரமாகப் பருக்கிறது. அப்படியானால் வளர்ந்த பழைய கிராதியைப் பேட்டர்னாக வைத்தால் சுருக்கம் ஈடாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. வளர்ச்சி ஒரே சீராக நடப்பதில்லை. நெருப்பு படும் பக்கம் பருத்து, சாம்பல் பக்கம் அப்படியே இருந்து, துண்டு கோணிப்போயிருக்கும். தேர்ந்த வேலைக்காரர் அதனால் எரியாத இடத்தில் இருந்த சகோதரத் துண்டைத் தேடி அளவெடுப்பார். விளிம்பில் பிசின் கட்டி நூற்றுக்கு ஒரு பங்கு கூட்டுவார், கீல் துளையை அடைத்து வார்த்தபின் புதிதாகத் துளையிடுவார். இப்போது முப்பரிமாண ஸ்கேனரில் படித்து, கணினியிலேயே நீட்டி, அச்சடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நீட்டுவது கணினிக்குச் சுலபம். எந்த முகம் கோணியது, எது அசல் என்று முடிவு செய்வது இன்னும் கண்ணிடமும் விரலிடமும்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுப் பிழைக்க வைத்த ஒன்றை வெள்ளி பெயின்ட் அடித்து, உள்ளே மின்விளக்கு வைத்து, மேலே பூந்தொட்டி நிறுத்தும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொட்டியில் ஊற்றும் தண்ணீர் கசிந்து, நூற்றாண்டு நெருப்பு செய்யாத கேட்டைச் சில வருடங்களில் செய்துவிடும். அதைவிடக் கொடுமை, விரிசலை அடுப்புச் சிமென்ட்டால் பூசி, மேலே கறுப்படித்து, "புதுப்பித்தது" என்று விற்பது. கெட்ட எண்ணமே இல்லாமல் செய்பவர்களும் உண்டு. வாங்குகிறவர் வீட்டில் குழந்தைகள் தூங்கும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆந்த்ரசைட் புகையாது. கண் எரியாது, இருமல் வராது. அதனாலேயே கசியும் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சொல்லாமல் சாய்த்துவிடும். இத்தகைய அடுப்பு எரியும் வீட்டில் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். புகைபோக்கியை வருடாவருடம் ஆள்வைத்துப் பார்க்க வேண்டும். சோதனைச் சான்று இல்லாத இந்தப் பழைய கணப்புகளுக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குலம் விட வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி. விறகையோ புகைகிற மென்கரியையோ தொட்டியில் போடக்கூடாது. மென்கரி சூட்டில் உப்பி ஒட்டிக்கொண்டு தொட்டியை அடைக்கும், அங்கேயே வாயுவும் சேரும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பழுது பார்க்காத அடுப்பு சில நூறு டாலருக்கும் கிடைக்கும், முழுக்கப் புதுப்பித்த நல்ல பேஸ் பர்னருக்குப் பல ஆயிரம் கொடுக்க வேண்டியிருக்கும். இடையிலுள்ள அந்த வித்தியாசம் பெரும்பாலும் கூலிதான், நியாயமான கூலி. உடம்பில் வார்த்திருக்கும் தேதியைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். அது காப்புரிமைத் தேதி, அடுப்பு அதற்குப் பல வருடம் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம். பகலில் போகாமல், இருட்டிய பிறகு போங்கள். எரிகிற டார்ச்சை உள்ளே வைத்து, எல்லாக் கதவையும் சாத்தி, விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஜன்னலில் வெளிச்சம் தெரியலாம். மூட்டுகளில் கீற்று தெரிந்தால் அங்கே காற்று புகும். குடுவையை விரல் முட்டியால் தட்டுங்கள், கணீரென்று கேட்க வேண்டும். எந்தப் பாகம் அசல், எது புதிதாக வார்த்தது, புதியதற்கு அளவு எதிலிருந்து எடுத்தது என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வேலை தெரிந்தவராக இருந்தால் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி உட்காரவைத்துச் சொல்வார்.